கீழமாசி வீதி மண்டியின் ஒரு ரூபாயும் எங்கள் பொது ஃபைலும்

2021இல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மதுரை கீழமாசி வீதிப் பக்கம் இருக்கும் ஒரு மொத்த மளிகை மண்டியின் கணக்குப்பிள்ளை எனக்கு போன் செய்தார்.

"தம்பி, உசிலம்பட்டிக் கடைக்காரரு உளுந்தைப் பூரா திருப்பி அனுப்பிட்டாரு. நம்ம பேரேட்டுல அவர் கணக்கு நேராயிருச்சு. ஆனா அவர் கையில இருக்கிற ரிட்டன் சீட்டுல ஒரு ரூவா கொறையுது. ரெண்டுமே உங்க கம்ப்யூட்டர் போட்டதுதான். எதை நம்புறது?"

மண்டியில் கணக்கு ஒரு ரூபாய் உதைத்தாலும் காரணம் தெரியாமல் அன்றைய ஏட்டை மூட மாட்டார்கள். அவர்கள் பக்கம் அது நியாயம். கடனுக்குச் சரக்கு போகும் தொழிலில் சீட்டும் பேரேடும் இரண்டு விதமாகப் பேசினால் அடுத்த நடைக்கு வாங்குகிறவர் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்படுவார். அன்று இரவே தேட உட்கார்ந்தேன். அந்த ஒரு ரூபாயில் ஆரம்பித்த தேடல், ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடி, எங்கள் பொதுக் கோட் முழுவதையும் பிரித்து அடுக்குவதில் போய் முடிந்தது. பல பக்கங்கள் கொண்ட வலைச் செயலியைப் பராமரிக்கிற யாருக்கும் இதில் ஏதாவது ஓரிடம் தன் கதையாகத் தெரியும் என்று நினைக்கிறேன். அதனால் தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் செயலியைப் பற்றிச் சுருக்கமாக. கே.கே. நகரில் ஒரு சின்ன அலுவலகம், நாங்கள் மூன்று பேர். 2019இல் அந்த மண்டிக்காக நாலு பக்கங்களோடு ஆரம்பித்தோம்: பில், ரிட்டன், கிட்டங்கி இருப்பு, பாக்கி. அப்புறம் விலைப்பட்டியல், லோடு சீட்டு, அறிக்கைகள் என்று பதினொரு பக்கமாக வளர்ந்தது. சர்வரில் பிஎச்பி மொழி, அதன் மேல் லாராவெல் என்ற கட்டமைப்பு. பக்கத்துக்குப் பக்கம் சர்வரே எச்டிஎம்எல்லை அனுப்பும். அந்தந்தப் பக்கத்துக்குத் தனி ஜாவாஸ்கிரிப்ட். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பிரவுசரின் நினைவில் இருந்ததெல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கும்.

இந்த அமைப்பில் மண்டிக்கு வசதி அதிகம். பில் போடுகிறவர் ஒரு டேபில், கிட்டங்கி இருப்பு இன்னொரு டேபில், பாக்கி மூன்றாவதில் என்று திறந்து வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்ப்பார். எங்களுக்கும் வசதியாகத்தான் தெரிந்தது. ஒரு பக்கத்தில் கை வைத்தால் இன்னொன்று உடையாது என்று நம்பினோம். அந்த நம்பிக்கையில்தான் ஒவ்வொரு புதுப் பக்கத்தையும் பழைய பக்கத்தின் ஃபைலைக் காப்பி எடுத்து ஆரம்பித்தோம்.

மைனஸ் 4312.50

37 கிலோ 500 கிராம் உளுந்து, கிலோ 115 ரூபாய். மொத்தம் 4,312 ரூபாய் 50 காசு. மண்டியில் பில்லை முழு ரூபாயாக்கிவிடுவார்கள்; 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய். ஆக பில் 4,313. இதில் சர்வருக்கும் பிரவுசருக்கும் சண்டை இல்லை.

சரக்கு முழுவதும் திரும்பி வந்தபோது ரிட்டன் பக்கம் அதே தொகையை மைனஸாகப் போட்டது. சீட்டைப் பிரவுசரிலேயே கணக்கிட்டு அச்சடித்தோம். பேரேட்டில் எழுதுவது சர்வர். ஜாவாஸ்கிரிப்டின் மேத் டாட் ரவுண்ட் என்ற ஃபங்ஷன் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் கோட் துண்டு), சரிபாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் கூடுதல் பக்கமே தள்ளும். 4312.50க்குக் கூடுதல் பக்கம் 4313. மைனஸ் 4312.50க்குக் கூடுதல் பக்கம் மைனஸ் 4312. பிஎச்பியின் ரவுண்ட் அப்படியில்லை. சரிபாதி என்றால் பூஜ்யத்தை விட்டு விலகிப் போகும், அதாவது மைனஸ் 4313. இரண்டு மொழியும் தன் ஆவணத்தில் சொன்னதைச் சரியாகத்தான் செய்தன. (பைத்தான் 3 மூன்றாவது வழியில் போகும், சரிபாதியை இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும், 2.5ஐ 2 ஆக்கும்.) சீட்டில் 4,312, பேரேட்டில் 4,313. உசிலம்பட்டிக்காரரின் ஒரு ரூபாய் இந்த இடுக்கில்தான் விழுந்தது.

கணக்குப்பிள்ளைக்கு இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப இது ஒரு சீட்டுல மட்டும் நடந்ததா, இல்ல எல்லாத்துலயுமா?"

அதற்குப் பதில் சொல்லத்தான் எல்லாப் பக்கங்களையும் தேடினேன். ரூபாயை முழுமையாக்கும் கோட் ஆறு இடத்தில் இருந்தது. மூன்று இடத்தில் மேத் டாட் ரவுண்ட். இரண்டில், கேட்ட தசமத்துக்கு எண்ணைச் சுருக்கிக் கொடுக்கும் டூஃபிக்ஸ்டு. தள்ளுபடி கணக்கிடும் ஓரிடத்தில் காசை அப்படியே வெட்டி எறியும் ஃப்ளோர். டூஃபிக்ஸ்டு இன்னொரு பொறி. 1.005ஐ இரண்டு தசமத்துக்குக் கேட்டால் 1.01 வரும் என்று எதிர்பார்ப்போம், 1.00 வரும். ஏனென்றால் கம்ப்யூட்டரின் பைனரி முறையில் 1.005 என்ற எண்ணையே வைத்துக்கொள்ள முடியாது; அதைவிடக் கடுகளவு குறைந்த எண்தான் உள்ளே இருக்கும். ஆறு காப்பியும் ஒரே நாளில் ஒரே கையால் எழுதியவை அல்ல. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் அந்த நேரத்து அவசரத்துக்கு ஒரு வரியை மாற்றியிருந்தோம். மற்ற ஐந்துக்கும் அது தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டோம்

காப்பிதான் குற்றவாளி என்று முடிவு செய்தோம். பதினொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப வருவதையெல்லாம் சுரண்டி எடுத்து, காமன் என்று பெயர் வைத்த ஒரே ஃபைலில் கொட்டினோம். எல்லாப் பக்கமும் அதை ஏற்றிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. ஒரே இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும் என்ற நிம்மதி வந்தது.

அந்த நிம்மதி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. ரிங் ரோடு பக்கம் இருக்கும் இரண்டாவது கிட்டங்கியின் மேஸ்திரி இருப்பைச் சரிபார்த்தபோது ஆறு கிலோ உதைத்தது. 40 மூட்டை, ஒவ்வொன்றும் 49 கிலோ 850 கிராம். மொத்தம் 1,994 கிலோ வர வேண்டும். திரையில் 2,000.

நடந்தது இதுதான். காமன் ஃபைலில் எண்ணை வட்டமாக்கும் (ரவுண்ட் செய்யும்) ஃபங்ஷன் ஒன்றே ஒன்று. எத்தனை தசமம் என்று சொல்லாவிட்டால் இரண்டு என்று எடுத்துக்கொள்ளும். பில் பக்கத்துக்கு எப்போதும் முழு ரூபாய்தான் வேண்டும் என்பதால் எங்களில் ஒருவர் அந்த இயல்பு மதிப்பைப் பூஜ்யமாக்கினார். பில் பக்கத்தில் சோதித்தார், சரியாக வந்தது. கிட்டங்கிப் பக்கம் அதே ஃபங்ஷனைத் தசமம் சொல்லாமல் மூட்டை எடைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. 49.850 கிலோ 50 ஆகிவிட்டது, மூட்டைக்கு 150 கிராம், நாற்பது மூட்டைக்கு ஆறு கிலோ.

முதல் தடவை ஆறு காப்பி தனித்தனியே பிரிந்து போனதால் தப்பு. இந்தத் தடவை பிரிந்தே இருந்திருக்க வேண்டியதை ஒட்ட வைத்ததால் தப்பு. அன்றைக்கு இதை இவ்வளவு தெளிவாகப் பார்க்கவில்லை. அந்த ஃபங்ஷனுக்கு இன்னொரு உள்ளீடு சேர்த்தோம்: எடையா, பணமா? பிறகு ரிட்டனா என்று இன்னொன்று. பிறகு தள்ளுபடியா என்று. நாலு உள்ளீடு, உள்ளே ஏழெட்டு நிபந்தனை. கூப்பிடுகிற பக்கம் தான் யார் என்று சொல்லி நுழைய வேண்டிய நிலை. ஒரு பொது ஃபங்ஷன் "நீ யார் வீட்டு ஆள்?" என்று கேட்க ஆரம்பித்தால் அதற்குள் இரண்டு மூன்று ஃபங்ஷன்கள் அடைபட்டுக் கிடக்கின்றன என்று அர்த்தம். இப்போது எங்கே பார்த்தாலும் இந்த அடையாளத்தைத்தான் முதலில் தேடுகிறேன்.

காமன் ஃபைல் இரண்டாயிரம் வரியைத் தாண்டியது. பிரிண்டர் அமைப்பு, தேதி, வரி, பாக்கி நாள், டேபிள் வரிசைப்படுத்தல், போன் நம்பர் சரிபார்ப்பு எல்லாம் அதில். அறிக்கைப் பக்கத்துக்காகச் சேர்த்த சார்ட் நூலகத்தையும் அது இழுத்ததால், வெறும் லோடு சீட்டு அடிக்கிறவரும் அதைப் பதிவிறக்கிக்கொண்டிருந்தார். ஃபைல் பெயரில் பதிப்புக் குறி எதுவும் இல்லை. புதுப் பக்கமும் பிரவுசர் சேமித்து வைத்த பழைய காமனும் சேர்ந்து ஓடி, இல்லாத ஃபங்ஷனைத் தேடி விழும். "கன்ட்ரோலும் எஃப் ஐந்தும் அழுத்துங்கண்ணே" என்று போனில் சொல்வது எங்கள் அன்றாட வேலையாகிவிட்டது.

2022 ஜூலை 18

ஜூன் கடைசியில் சண்டிகரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் எடுத்த முடிவுப்படி, ஜூலை 18 முதல் பருப்பு, அரிசி, மாவு போன்றவற்றுக்கு வரி விதி மாறியது. அதுவரை பதிவு செய்த பிராண்ட் பெயர் இருந்தால்தான் 5 சதவீதம். இனி பிராண்ட் இருக்கிறதோ இல்லையோ, முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டி, எடை 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீதம். 25 கிலோவைத் தாண்டிய மூட்டைக்கும் சில்லறையாக அளந்து கொடுப்பதற்கும் இல்லை. மண்டிக்கு இது பெரிய மாற்றம். அந்த வாரம் வியாபாரிகள் எல்லாரும் 26 கிலோ, 30 கிலோ மூட்டை பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு இது கோடில் ஒரே ஒரு இடத்தை மாற்றும் வேலையாக இருந்திருக்க வேண்டும். "பிராண்ட் உண்டா" என்ற கேள்வியை எடுத்துவிட்டு "பொட்டலமா, 25 கிலோவுக்குள்ளா" என்ற கேள்வியை வைக்க வேண்டியதுதான். தேடினால் வரி விதி ஐந்து இடத்தில் இருந்தது. காமனில் ஒன்று இருப்பதே தெரியாமல் விலைப்பட்டியல் பக்கமும் லோடு சீட்டுப் பக்கமும் தனியே எழுதி வைத்திருந்தன. இரண்டாயிரம் வரி ஃபைலில் எது இருக்கிறது என்று யார் தேடுவார்? இருக்கிற இடம் தெரியாவிட்டால் பொதுக் கோடும் இல்லாத கோட்தான்.

வெளி மாநில வரியிலும் இதே கூத்து. கேரளத்துக்குப் போகும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி, தமிழ்நாட்டுக்குள் சிஜிஎஸ்டியும் (மத்திய அரசுக்கு) எஸ்ஜிஎஸ்டியும் (மாநில அரசுக்கு) பாதிப் பாதி. பில் பக்கம் வாங்குகிறவரின் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்தது: 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். விலைப்பட்டியல் பக்கம் முகவரியில் இருக்கும் மாநிலப் பெயரைப் பார்த்தது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடைக்காரர் வந்தால் இரண்டும் இரண்டு பதில் சொல்லும்.

17ஆம் தேதி ராத்திரி மூன்று பேரும் விழித்திருந்து ஐந்து இடத்தையும் கையால் மாற்றினோம். காலையில் பில் சரியாக வந்தது. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு காமன் ஃபைலோடு இன்னொரு மாதம் ஓட்ட மூன்று பேரில் யாருக்கும் மனமில்லை.

யார் சொன்னால் இது மாறும்?

அடுத்த வாரம் காமன் ஃபைலை அச்சடித்து மேசையில் பரப்பினோம். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினோம்: யார் வந்து சொன்னால் இது மாறும்?

பில்லை ரூபாயாக்குவது கணக்குப்பிள்ளை சொன்னால் மாறும். மூட்டை எடையை எத்தனை கிராம் வரை காட்டுவது என்பது மேஸ்திரி சொன்னால், அல்லது எடை மெஷின் மாறினால் மாறும். வரி, அரசு அறிவிப்பு வந்தால். பட்டனின் நிறமும் டேபிளின் வரிசையும் முதலாளி அண்ணாச்சி சொன்னால். எண்ணுக்குக் கமா போடுவது யார் சொன்னாலும் மாறாது.

அந்தப் பென்சில் எழுத்து வந்ததும் ஃபைல் தானாகவே பிரிந்துவிட்டது. ரூபாயாக்கலும் எடையாக்கலும் உள்ளே ஒரே மாதிரி மூன்று வரிதான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் வேறு வேறு ஆள் சொல்லி மாறுகிறவை. அவற்றைத் தனித்தனியே வைத்தோம், காப்பி மாதிரித் தெரிந்தாலும் பரவாயில்லை என்று. ஐந்து இடத்தில் ஐந்து விதமாக எழுதியிருந்த வரிக் கோட் பார்வைக்குத் துளியும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரே அறிவிப்புக்கு மாறுகிறவை. அவற்றை ஒன்றாக்கினோம். கோட் ஒரே சாயலில் இருக்கிறதா என்று பார்ப்பதை அன்றோடு விட்டோம்.

அப்புறம் அடுக்கு. எங்களோடு வேலை பார்க்கும் அக்கா சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவர். அவர்தான் போர்டில் சதுரத்துக்குள் சதுரமாக வரைந்தார். மீனாட்சி கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி. "வெளியே இருக்கிறவங்க உள்ளே இருக்கிறதைக் கூப்பிடலாம். உள்ளே இருக்கிறது வெளியே யார் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கவே கூடாது" என்றார். ஃபோல்டர்களுக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை. ஆனால் பேச்சில் அதுதான் நின்றுவிட்டது. இன்றைக்கும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கும்போது "இது சித்திரை வீதியில இருக்க வேண்டியது" என்றுதான் சொல்கிறோம்.

ஆடி வீதியில் கடையும் தெரியாத, பிரவுசரும் தெரியாத சின்ன விஷயங்கள்: காசைக் கூட்டுவது, தேதி, லட்சக் கணக்கில் கமா போடுவது. கமாவுக்கு நாங்கள் முன்பு முப்பது வரி கைக்கோட் வைத்திருந்தோம். பிரவுசரின் இன்டல் நம்பர்ஃபார்மட் இந்திய அமைப்பில் 12,34,567 என்று தானே போடும் என்று தெரிந்ததும் அதைத் தூக்கிவிட்டோம். பணம் எல்லாம் இங்கே முழு எண்ணாகக் காசில்தான் நடமாடும். 4,312 ரூபாய் 50 காசு என்றால் 431250. தசமப் புள்ளி திரையில் காட்டும் கடைசி நொடியில் மட்டும்.

சித்திரை வீதியில் வியாபார விதிகள்: பில் மொத்தம், ரிட்டன், வரி, எடை, கடன் நாள். திரையைத் தொடாது, சர்வரைக் கூப்பிடாது. உள்ளீடு வாங்கும், விடை தரும், அவ்வளவுதான். அதனால் பிரவுசரே இல்லாமல் சில விநாடிகளில் டெஸ்ட் ஓட்டிவிடலாம்.

ஆவணி மூல வீதியில் திரைத் துண்டுகளும் சர்வரோடு பேசும் கோடும். இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லாராவெலில் ஃபார்ம் அனுப்பும்போது சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ஃபார்ம் நம் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டும் ரகசியக் குறி) கூடப் போக வேண்டும். அமர்வு (உள்ளே நுழைந்தவரை சர்வர் நினைவில் வைத்திருக்கும் காலம்) காலாவதியானால் சர்வர் 419 என்று பதில் அனுப்பும். அமைப்பை மாற்றாவிட்டால் அமர்வுக்கு 120 நிமிடம். கணக்குப்பிள்ளை டேபைத் திறந்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் வருவார். திரும்பி வந்து சேமி என்று அழுத்தினால் சில பக்கங்களில் எதுவுமே நடக்காது. பில் சேமித்துவிட்டது என்றே நினைத்திருப்பார். இப்போது சர்வரைக் கூப்பிடுவது ஒரே இடம். 419 வந்தால் போட்ட பில்லை அழிக்காமல் வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே வரச் சொல்லும். பதினொரு பக்கத்துக்கும் அந்த நன்மை ஒரே நாளில் கிடைத்தது. பொதுக் கோட் என்பதன் பலனை நான் முதல்முதலாக மனசாரப் பார்த்தது இங்கேதான்.

மாசி வீதியில் பக்கங்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் ஃபோல்டரிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. வேண்டும் என்றால் அது உள் வீதிக்குப் போக வேண்டும். இரண்டு பக்கம் கேட்டதுமே தூக்கிவிடுவதில்லை. இரண்டும் ஒரே காரணத்துக்காகக் கேட்கின்றனவா என்று பார்த்த பிறகுதான். பணத்துக்கும் வரிக்கும் மட்டும் இந்தப் பொறுமை கிடையாது. அவை ஒரே ஒரு பக்கம் பயன்படுத்தினாலும் முதல் நாளே சித்திரை வீதியில்.

விதியைச் சுவரில் எழுதி ஒட்டினால் போதாது. கோட் விதி மீறுகிறதா என்று சோதிக்கும் ஈஎஸ்லின்ட் கருவியில் தடை போட்டோம்: உள் ஃபோல்டர் வெளி ஃபோல்டரை இம்போர்ட் செய்தால் (அதிலிருந்து எடுத்துக்கொண்டால்) சிவப்பு. சுற்றி வந்து தன்னையே இம்போர்ட் செய்தாலும் சிவப்பு. அப்படி ஒரு சுற்றல் முன்பே இருந்தது. பில் விதி கடன் நாளை இம்போர்ட் செய்ய, கடன் நாள் பில் விதியிலிருந்து ஒரு மாறிலியை இம்போர்ட் செய்திருந்தது. எந்தப் பக்கம் எதை முதலில் ஏற்றுகிறது என்பதைப் பொறுத்து, ஒரு பக்கத்தில் நன்றாக ஓடும், இன்னொரு பக்கத்தில் அந்த மாறிலி இன்னும் உயிர் பெறவில்லை என்று பிரவுசர் விழும்.

ஒருமுறை வந்தது, இருமுறை ஓடியது

உள் வீதி மூன்றும் முடிந்து, சிதறிய ஃபைல்களைப் பிரவுசருக்காக ஒன்றாகக் கட்டித் தரும் வெப்பேக் 5ஐக் கொண்டு பக்கத்துக்கு ஒரு நுழைவு (முதலில் ஓடும் ஃபைல்) என்று கட்ட ஆரம்பித்த பிறகு வந்த பிழை இது. என் அனுபவத்தில் தேடிக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுத்தது இதுதான்.

எல்லாப் பக்கத்துக்கும் மேலே ஒரு தலைப்பட்டை. எந்தக் கிட்டங்கி என்று அதில் தேர்வு செய்வார்கள். தலைப்பட்டைக்கு ஒரு நுழைவு ஃபைல், பக்கத்துக்கு ஒரு நுழைவு ஃபைல்; ஆக ஒரு பக்கத்தில் இரண்டு. "இப்போதைய கிட்டங்கி" என்று ஒரு மாட்யூல் (தனி ஃபைலில் இருக்கும் கோட்) இரண்டுக்கும் பொது. தலைப்பட்டையில் ரிங் ரோடு கிட்டங்கியைத் தேர்வு செய்தால் மேலே பெயர் மாறும். ஆனால் கீழே மூட்டை வரவு வைத்தால் பழைய கிட்டங்கிக்கே போகும்.

நெட்வொர்க்கில் பார்த்தேன். பொது ஃபைல் ஒரே ஒரு முறைதான் வந்திருந்தது. கோட் ஒரே இடத்தில்தான் இருந்தது. பிறகு அந்த மாட்யூலின் முதல் வரியில் ஒரு செய்தியை அச்சடிக்க வைத்தேன். கன்சோலில் இரண்டு முறை வந்தது.

காரணம் இதுதான். வெப்பேக்கில் ஒவ்வொரு நுழைவுக்கும் இயல்பாகத் தனித்தனி ரன்டைம். மாட்யூலை உயிர்ப்பித்துப் பதிவேட்டில் வைத்துக்கொள்வது அந்த ரன்டைம். இரண்டு ரன்டைம் என்றால் இரண்டு பதிவேடு. ஒரே ஃபைலிலிருந்து எடுத்தாலும் மாட்யூல் இரண்டு முறை ஓடி இரண்டு தனி நினைவோடு நிற்கும். ரன்டைம்சங்க் என்ற அமைப்பை சிங்கிள் என்று வைத்தால் பக்கத்துக்கு ஒரே பதிவேடு. ஒரு வரி மாற்றம்தான்.

(வெப்பேக் மாதிரி பண்டில் செய்யாமல், அதாவது ஒன்றாகக் கட்டாமல், பிரவுசரின் சொந்த மாட்யூலையே பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் வேறு முகத்தோடு வரும். 2018க்குள் முக்கிய பிரவுசர்கள் எல்லாம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. அங்கே மாட்யூலின் அடையாளம் அதன் முகவரி. ஒரே முகவரி என்றால் ஒரு முறைதான் ஓடும். கடைசியில் பதிப்பு எண்ணை ஒட்டி ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் இரண்டு என்று எழுதினால் அவை இரண்டு மாட்யூல்.)

அமைப்பை மாற்றியதோடு நாங்கள் நிற்கவில்லை. யோசித்துப் பார்த்தால், வெப்பேக் ஐந்தின் இயல்பு அமைப்பில் 20,000 பைட்டுக்குக் கீழான பொதுத் துண்டைத் தனி ஃபைலாகப் பிரிக்காது. ஒவ்வொரு பக்கத்தின் பண்டிலிலும் ஒரு பிரதி வைத்துவிடும். எங்கள் ரூபாயாக்கும் மாட்யூல் அப்படித்தான் பதினொரு பண்டிலிலும் உட்கார்ந்திருந்தது. அதனால் ஒரு தீங்கும் இல்லை. எழுதுகிற இடம் ஒன்று, விடையும் ஒன்று. நினைவு எதையும் வைத்துக்கொள்ளாத மாட்யூல் எத்தனை பிரதியாகப் போனால் என்ன? நினைவு வைத்திருக்கும் மாட்யூல்தான் ஆபத்து. ஆகவே பொது ஃபோல்டர்களில் நினைவு வைத்திருப்பவற்றைத் தேடினோம். மூன்றே மூன்று இருந்தன.

கிட்டங்கித் தேர்வை முதலில் பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல்ஸ்டோரேஜுக்கு மாற்றினோம். அது தப்பு. லோக்கல்ஸ்டோரேஜ் ஒரே தளத்தின் எல்லா டேபுக்கும் பொது. ஒரு டேபில் கிட்டங்கியை மாற்றினால் அடுத்த டேபில் பாதி போட்ட லோடு சீட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். டேபுக்கு டேப் வேறு கிட்டங்கி வைத்து வேலை பார்ப்பதுதான் அவர்கள் வழக்கம். கடைசியில் கிட்டங்கி எண்ணைப் பக்கத்தின் முகவரியிலேயே வைத்தோம். தலைப்பட்டையும் பக்கமும் அங்கிருந்தே படிக்கின்றன. சர்வரும் அதையே படிக்கிறது. அந்த மாட்யூலே தேவையில்லாமல் போய்விட்டது. பல பக்கச் செயலியில் பக்கங்களுக்கு இடையே கைமாற வேண்டிய செய்திக்கு முகவரியைவிட நல்ல இடம் எனக்கு இதுவரை தட்டுப்படவில்லை.

ஃபைல் பெயரில் உள்ளடக்கத்தின் ஹேஷை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியை) சேர்த்து, ஒரு வருடம் வரை சேமித்து வைத்துக்கொள்ள பிரவுசருக்கு அனுமதி கொடுத்தோம். ஒரு பக்கத்தைத் திருத்தினால் அந்தப் பக்கத்தின் ஃபைல் பெயர் மட்டும் மாறும். எஃப் ஐந்து போன்கள் நின்றுவிட்டன.

செய்து பார்த்துக் கைவிட்டது

பொதுக் கோட் முழுவதையும் தனி என்பிஎம் பேக்கேஜாக (தனியே நிறுவிக்கொள்ளும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பாக) பிரித்து, பதிப்பு எண் கொடுத்து, பக்கங்கள் அதை நிறுவிக்கொள்ளட்டும் என்று ஒரு மாதம் முயன்றோம். செயலி ஏற்கெனவே பில் தொகுப்பு, அறிக்கைத் தொகுப்பு என்று இரண்டு ரெப்போவாக (கோட் களஞ்சியமாக) இருந்தது. பில் தொகுப்பு புதுப் பதிப்புக்கு வந்துவிட்டது, அறிக்கைத் தொகுப்பு பழையதிலேயே நின்றது. பில் ஒரு விதம், அறிக்கை ஒரு விதம். உசிலம்பட்டிச் சீட்டு மறுபடி வந்துவிட்டது, இந்த முறை பதிப்பு எண்ணோடு. பல குழுக்கள் வேறு வேறு வேகத்தில் ஓடும் இடத்தில் பேக்கேஜ் சரியாக இருக்கலாம். மூன்று பேர் இருக்கும் இடத்தில் அது காப்பிக்கு இன்னொரு பெயர். இரண்டு ரெப்போவையும் ஒன்றாக்கினோம்.

முழுவதையும் ஒரே பக்கச் செயலியாக மாற்றிவிடலாம் என்ற பேச்சும் வந்தது. மண்டியின் வேலைமுறை டேப் டேபாகத்தான் இருக்கிறது. எங்கள் சிக்கலும் பக்கங்கள் பலவாக இருந்ததால் வந்ததில்லை. அதை நாங்கள் தொடவில்லை.

காமன் ஃபைலை ஒரே நாளில் அழிக்கவும் இல்லை. உள்ளே இருந்தவற்றைப் புது இடத்துக்கு மாற்றி, காமனை வெறும் வழிகாட்டிப் பலகையாக வைத்தோம். பழைய பெயரில் கேட்டால் புது இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும். புதிதாக யாரும் அதை இம்போர்ட் செய்யாதபடி ஈஎஸ்லின்ட்டில் தடை. வாரத்துக்கு ஒரு பக்கம். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்து, 2023 தை மாதம் கடைசிப் பக்கமும் விலகியதும் ஃபைலை அழித்தோம்.

பிரவுசரும் சர்வரும் வேறு மொழி என்பது மட்டும் மாறவே இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் எத்தனை வீதி அமைத்தாலும் பிஎச்பி தன் வழியில்தான் வட்டமாக்கும். அதற்குக் கணக்குப்பிள்ளையிடமே போனோம். அவருடைய பேரேட்டில் சிக்கலான பில்களாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கச் சொன்னோம். 50 காசில் முடிந்தவை, பாதிச் சரக்கு திரும்பியவை, 25 கிலோப் பொட்டலமும் 30 கிலோ மூட்டையும் கலந்தவை, கேரளத்துக்குப் போனவை. ஒவ்வொன்றுக்கும் என்ன தொகை வர வேண்டும் என்று அவர் கைப்பட எழுதினார். அதை எந்த மொழியும் படிக்கக்கூடிய ஒரு ஜேசன் ஃபைலாக்கினோம். ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்டும் பிஎச்பி டெஸ்டும் அதே ஃபைலைப் படிக்கின்றன. இரண்டில் ஒன்று தப்பினாலும் புதுப் பதிப்பு மண்டிக்குப் போகாது. இப்போதும் ஏதாவது விநோதமான பில் வந்தால் அவர் போன் செய்து, "தம்பி, இதையும் உங்க லிஸ்ட்ல சேத்துக்கங்க" என்பார்.

அந்த ஃபைலின் முதல் வரி உசிலம்பட்டிக்காரரின் உளுந்து ரிட்டன். உள்ளீடு மைனஸ் 431250 காசு. விடை மைனஸ் 4313 ரூபாய்.